மெடிக்கல் ஜர்னல் இலவசமாகப் படிக்க எந்த வழி? தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து தேடுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரே மாதத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

முதல் ஆள் ஓசூரில் ஒரு தனியார் கிளினிக்கில் உட்காரும் தம்பி. "அக்கா, காலேஜ்ல இருந்த வரைக்கும் எந்தக் கட்டுரையைத் தட்டினாலும் திறந்துச்சு. இப்போ எதைத் தொட்டாலும் டாலர்ல காசு கேக்குது. ஏதாவது ஒண்ணுக்கு சந்தா கட்டிடலாமா?" அடுத்து பென்னாகரத்து சிஸ்டர் ஒருவர். தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் பல் காவியைப் பற்றி (தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமானால் பல்லில் வரும் கறை) ஆய்வறிக்கை எழுத வேண்டும். மூன்றாமவர் அஞ்செட்டிப் பக்கம் ஒரு பி.எச்.சி.யின் (ஆரம்ப சுகாதார நிலையம்) மெடிக்கல் ஆபீசர். "படிக்க நேரம் இருக்கு மேடம். சிக்னல்தான் ஒரு கோடு வருது, போகுது" என்றார்.

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பார்த்தபோதுதான், ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. அதனால் எல்லா வழியையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

அதற்கு முன் என் கதை கொஞ்சம். பல வருடங்களுக்கு முன் மலையடிவார பி.எச்.சி. ஒன்றில் இரவுப் பணி. தேள் கொட்டிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கை கால் ஜில்லென்று இருந்தது. பிராசோசின் என்ற மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கொடுப்பது, ரத்த அழுத்தம் இறங்கினால் என்ன செய்வது என்பதில் சந்தேகம். போனில் தேடினால் லான்செட் என்ற லண்டன் மருத்துவ இதழில் 1986-ல் வந்த கட்டுரை கிடைத்தது. தலைப்பு மட்டும் தெரிந்தது. உள்ளே போக முப்பது டாலருக்கு மேல் கேட்டது. அந்தக் கட்டுரையை எழுதியவர் மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சின்ன ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர். கொட்டியது இந்தியத் தேள், கொட்டுப்பட்டவர்கள் இந்தியக் கிராமத்து ஜனங்கள், கண்டுபிடித்தவர் நம்மைப் போல ஒரு கிராமத்து டாக்டர். படிக்க மட்டும் லண்டனுக்குப் பணம் அனுப்ப வேண்டும். தெரிந்தவரை மருந்தைக் கொடுத்து, குழந்தையை ஜி.எச்.சுக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டது. அந்தக் கட்டுரையை முழுதாகப் படிக்க எனக்கு இன்னொரு வருடம் ஆனது.

## எதை வைத்து அளப்பது?

எதை எடுக்கலாம் என்பதற்கு முன்னால் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் "பதிமூன்றாயிரம் ஜர்னல்" என்ற எண்ணைப் பார்த்தே மயங்கிவிடுவோம்.

முதலில், அந்தக் கதவு நமக்குத் திறக்குமா? "வளரும் நாடுகளுக்கு இலவசம்" என்று எழுதியிருந்தால் அதில் இந்தியாவும் சேர்த்தி என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் சேர்த்தி இல்லை.

இரண்டாவது, முழுக் கட்டுரை கிடைக்குமா, சுருக்கம் மட்டுமா? இதில்தான் நம்மில் பாதிப் பேர் ஏமாறுகிறோம். சுருக்கத்தில் "மருந்து பலன் தந்தது" என்று இருக்கும். எந்த நோயாளிகளைச் சேர்க்காமல் விட்டார்கள், மருந்தை எப்படிக் கொடுத்தார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பது பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். சுருக்கத்தை மட்டும் படித்து மருந்தை மாற்றுவது, ஜாதகக் கட்டத்தைப் பார்க்காமல் ராசிபலனைப் படித்துப் பெண் கொடுப்பது மாதிரி.

மூன்றாவது, எத்தனை நிமிடத்தில், எந்தக் கருவியில்? நோயாளி எதிரே இருக்கும்போது எழும் கேள்விக்கு ஐந்து நிமிடம்தான் அவகாசம். ஆய்வறிக்கைக்கு ஐந்து வாரம் காத்திருக்கலாம். நான்காவது, அதில் எழுதியது நம் பாம்புக்கும் நம் தண்ணீருக்கும் நம் ஸ்டோரில் இருக்கும் மருந்துக்கும் பொருந்துமா? கடைசியாக, வெளியே தெரியாத செலவு என்ன?

## ஹினாரி: பேர் பெரிசு, நமக்கு இல்லை

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்லும் பெயர் ஹினாரி. உலக சுகாதார நிறுவனம் ஆறு பெரிய பதிப்பகங்களோடு பேசி, 2002 ஜனவரியில் சுமார் 1,500 இதழ்களோடு தொடங்கியது. மிக ஏழை நாடுகளுக்கு இலவசம், அடுத்த படியில் உள்ள நாடுகளுக்குக் குறைந்த கட்டணம். தனி ஆள் சேர முடியாது. மருத்துவமனை, கல்லூரி போன்ற நிறுவனம்தான் பதிவு செய்ய வேண்டும். இன்று ரிசர்ச்ஃபார்லைஃப் என்ற பெரிய குடையின் கீழ் இருக்கிறது.

நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் உண்டு. இந்தியாவுக்கு இல்லை. நம் தனிநபர் வருமானத்தைப் பார்த்தால் ஏழை நாடுதான். ஆனால் மொத்தப் பொருளாதாரம் பெரிசு, பதிப்பகங்களுக்கு இங்கே விற்பனையும் உண்டு. ஏழை என்று வரிசையில் போய் நின்றால், உங்கள் ஊரில் பணக்காரர்கள் இருக்கிறார்களே என்று திருப்பி அனுப்புகிற கதைதான்.

கிடைக்கிற நாடுகளுக்கும் ஒரு பயம் உண்டு. 2011 தொடக்கத்தில் வங்கதேசத்துக்குக் கொடுத்திருந்த இலவச அனுமதியைச் சில பெரிய பதிப்பகங்கள் திடீரென்று விலக்கிக்கொண்டன. சத்தம் எழுந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தன. தர்மமாகக் கொடுத்ததை நினைத்தால் நிறுத்தலாம் என்பது இதில் மறைந்திருக்கும் செலவு.

யாருக்கு இது நல்லது? இங்கே படித்துவிட்டு நேபாளத்திலோ ஆப்பிரிக்க நாடொன்றிலோ வேலைக்குப் போகிறவர்களுக்கு. போன முதல் வாரமே அங்கே உள்ள நூலகரிடம் கேளுங்கள்.

## ஒரே நாடு ஒரே சந்தா: கல்லூரி வாசல் வரை

2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. மூன்று ஆண்டுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேல். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி எல்லாம் இதற்குள் அடக்கம். கல்லூரி நூலகங்களை இணைக்கும் மத்திய மையமான காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் ஒருங்கிணைக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கியது.

அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால் முழுக் கட்டுரையில் இதற்கு முழு மதிப்பெண். ஆனால் உரிமை என்ற முதல் கேள்வியிலேயே நம்மில் பலர் விழுந்துவிடுகிறோம். அரசு மருத்துவக் கல்லூரி என்ற வகை இதில் வருகிறது. தருமபுரியில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று என்று இரண்டு மாவட்டத்திலும் உண்டு. கல்லூரி மாணவர், பி.ஜி. (முதுநிலை மாணவர்), பேராசிரியர் என்றால் உங்கள் நூலகரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருந்து படிக்க, கல்லூரி வழியாக லாகின் வாங்க வேண்டும். அது இருப்பதே தெரியாமல் மூன்று வருடம் பி.ஜி. முடித்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பி.எச்.சி. டாக்டர் கல்வி நிறுவனத்தில் இல்லை. கிராம சுகாதார செவிலியர் இல்லை. தனியார் கல்லூரியில் படிக்கும் பென்னாகரத்து சிஸ்டரும் இல்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். வீட்டு வாசல் வரை மாத்திரை போகிறது. மாத்திரையைக் கொண்டுபோகிறவருக்கு அதைப் பற்றிய கட்டுரை மட்டும் போகவில்லை. ஒப்பந்தம் 2027 வரைக்கும்தான் என்பதும், ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்தால் லாகினும் முடியும் என்பதும் இதன் மறைவுச் செலவுகள். படித்து முடிக்கும் கடைசி மாதத்தில் தேவையான கட்டுரைகளை இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு இதழ் முழுவதையும் மொத்தமாக இறக்கப் போகாதீர்கள். கல்லூரிக்கே அணுகலை நிறுத்திவிடுவார்கள்.

## திறந்த இதழ்கள்: நம் ஆட்களுக்கு முதல் இடம்

என் பார்வையில், கல்லூரிக்கு வெளியே இருக்கும் யாருக்கும் இதுதான் முதல் வழி. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். மூன்றரைக் கோடிக்கும் மேல் கட்டுரைக் குறிப்புகள் உண்டு. ஆனால் பப்மெட் அட்டவணைதான், அலமாரி அல்ல. அலமாரியின் பெயர் பப்மெட் சென்ட்ரல். 2000-ல் தொடங்கி இன்று ஒரு கோடிக்கும் மேல் முழுக் கட்டுரைகள். பப்மெட்டில் தேடி, பக்கவாட்டில் இருக்கும் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' கட்டத்தை டிக் செய்தால் காசு கேட்கும் கட்டுரைகள் விலகிக்கொள்ளும். இந்த ஒரு டிக்கைப் பற்றித் தெரியாமல் பத்து வருடம் எரிச்சல்பட்டவள் நான்.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். பணத்தில் நடந்த ஆய்வு என்றால், 2025 ஜூலை 1-க்குப் பிறகு ஏற்கப்படும் கட்டுரைகள் வெளியான அன்றே திறந்திருக்க வேண்டும் என்பது புது விதி. முன்பு ஒரு வருடம் வரை மூடி வைக்கலாம்.

பொருத்தம் என்ற அளவுகோலில் இந்த வழி ஜெயிப்பதற்குக் காரணம் இந்திய இதழ்கள். 1913-ல் தொடங்கிய இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச், சமுதாய மருத்துவம், குடும்ப மருத்துவம், கண் மருத்துவம் என்று நம் நோயாளிகளைப் பற்றி எழுதும் இதழ்களில் பல திறந்தே இருக்கின்றன. பல் காவியை உண்டாக்கும் ஃப்ளோரோசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அந்த நோயைப் பற்றி பாஸ்டனில் இருந்து என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறார்கள்? எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தியா, சீனா, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். சிஸ்டருக்குத் தேவைப்பட்டதில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்தது.

தேள் கதைக்கும் இங்கே ஒரு தொடர்ச்சி உண்டு. அதே பாவஸ்கர் 2011-ல் பி.எம்.ஜே. (பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்) இதழில் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். இந்தியச் செந்தேள்தான். அதன் அறிவியல் பெயரிலேயே 'தமுலஸ்' என்று நம்மை ஒட்டவைத்திருக்கிறார்கள். பிராசோசினோடு தேள் விஷமுறிவு மருந்தும் கொடுத்த 35 பேரில் 32 பேருக்குப் பத்து மணி நேரத்தில் எல்லா அறிகுறியும் அடங்கியது. பிராசோசின் மட்டும் கொடுத்த 35 பேரில் 8 பேருக்குத்தான். பி.எம்.ஜே. ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்தே வைப்பதால் எந்த பி.எச்.சி.யில் இருந்தும் இதை முழுசாகப் படிக்கலாம். படித்தால் இன்னொன்றும் தெரியும்: இருதயமும் நுரையீரலும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டு வந்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வரும் குழந்தைக்கு இந்த எண்களை அப்படியே தூக்கிப் போட முடியாது.

மறைவுச் செலவு இங்கேயும் உண்டு. படிப்பவருக்கு இலவசம் என்றால் பல இதழ்களில் எழுதுகிறவர் பணம் கட்டுகிறார். அதைச் சாக்காக வைத்து, பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் ஏராளம். திறந்திருக்கிறது என்பதாலேயே நம்பிவிடக் கூடாது. திறந்த இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் அந்த இதழ் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதுவே பாதிக் களையை எடுத்துவிடும்.

## சுருக்கிக் கொடுப்பவை: காக்ரேன், வழிகாட்டி நூல்கள்

அஞ்செட்டி டாக்டருக்குத் தேவை கட்டுரையே அல்ல, விடை. ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணாடி விரியன் கடித்தவர் வந்தால் நாற்பது ஆய்வுகளை யார் படித்துக்கொண்டிருப்பது?

இதில் மூன்று வகை. காக்ரேன், ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து அலசிச் சொல்கிறது. 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணத்தில் நாடு முழுக்க இலவசமாகத் திறந்தார்கள்; அந்த ஏற்பாடு இப்போதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது தவிர, 2013 பிப்ரவரிக்குப் பிறகு வந்த ஆய்வலசல்கள் வெளியாகி 12 மாதம் ஆனால் எல்லோருக்கும் திறந்துவிடும். தெற்காசியாவுக்கான காக்ரேன் மையம் நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில்தான் அமைந்தது. எளிய நடைச் சுருக்கங்கள் சில தமிழிலும் உண்டு. கிராம செவிலியர் கூட்டத்தில் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் பாம்புக்கடி போன்ற நம் ஊர்க் கேள்விகளுக்குப் பல சமயம் "போதிய சான்று இல்லை" என்றே முடியும். நேர்மையான பதில்தான், ராத்திரி பதினோரு மணிக்கு உதவாது.

அந்த நேரத்துக்கு வழிகாட்டி நூல்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் பாம்புக்கடி சிகிச்சை வழிகாட்டி, உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்காக 2016-ல் திருத்தி வெளியிட்டது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் நூல்கள் எல்லாமே இலவசம். கடைசியாகச் சொன்னதற்கு சிக்னல் இல்லாமலே திறக்கும் செயலி உண்டு. தருமபுரி டவுனுக்கு வரும் நாளில் இறக்கிக்கொண்டால் மலையில் வேலை செய்யும். ஆனால் அது உலகத்துக்கே பொதுவாக எழுதியது. விஷமுறிவு மருந்து விஷயத்தில் இந்திய வழிகாட்டிதான் கடைசி வார்த்தை. நம்மிடம் இருப்பது நான்கு பாம்புகளுக்கான கூட்டு மருந்து.

மூன்றாவது வகை மெட்ஸ்கேப், ஸ்டாட்பேர்ல்ஸ் மாதிரி பாடச் சுருக்கங்கள். முதலாவதற்குப் பெயர் பதிந்தால் போதும், காசு இல்லை. ஆனால் மருந்துக் கம்பெனி விளம்பரத்தில் ஓடுகிறது. மருந்தின் பெயரும் கிடைக்கும் வடிவமும் அமெரிக்காவுக்கானவை. இவற்றை நினைவுபடுத்திக்கொள்ள வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

## எழுதியவரையே கேட்பது

யாரும் மதிக்காத வழி, எனக்குப் பிடித்த வழி. கட்டுரையின் சுருக்கப் பக்கத்திலேயே தொடர்புக்கான ஆசிரியரின் மின்னஞ்சல் பெரும்பாலும் இருக்கும். நான் இன்னார், இந்த மாவட்டத்தில் இந்த வேலை, இந்தக் காரணத்துக்காக உங்கள் கட்டுரை தேவை என்று நான்கு வரி எழுதுங்கள். இங்கிலீஷ் பிழையாக இருந்தால் பரவாயில்லை. தான் எழுதியதை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் யாருக்கும் சந்தோஷம்தான். சிலர் அன்றே அனுப்புவார்கள், சிலர் பத்து நாள், சிலர் பதிலே போட மாட்டார்கள். பழைய கட்டுரை என்றால் முகவரியே மாறியிருக்கும். நோயாளி எதிரே இருக்கும்போது இது வழியே அல்ல. ஆய்வறிக்கைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## சை-ஹப்பும் சொந்த சந்தாவும்

கேட்காமலே கேட்கிறீர்கள் என்று தெரியும். காசு கேட்கும் கட்டுரைகளை அனுமதி இல்லாமல் இலவசமாகக் கொடுக்கும் தளம் சை-ஹப். 2011-ல் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கிய அதை நம் நாட்டில் பயன்படுத்தாத பி.ஜி. அபூர்வம். மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு புதுக் கட்டுரை சேர்ப்பதே நின்றுபோனது. 2025 ஆகஸ்டில் அதை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். அதே பெயரில் சுற்றும் போலித் தளங்களில் என்ன வைரஸ் வருமோ என்பது இன்னொரு பக்கம். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் நோயாளி விவரமெல்லாம் இருக்கிறது. வேண்டாம்.

டாக்டர்களின் சந்தேகங்களுக்கு விடையைத் தொகுத்துக் கொடுக்கும் அப்டுடேட் மாதிரி தளத்துக்குச் சொந்த சந்தா, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை விதவிதமான சந்தேகம் வருகிற, தனியாக முடிவெடுக்க வேண்டிய டாக்டருக்குத் தகும். வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய், அதுவும் பெரும்பாலும் டாலர் கணக்கில். கார்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தை டிக் எடுக்க மறந்தால் அடுத்த வருடமும் போகும். மாதத்துக்கு இரண்டு தடவை தேடுகிறவர் இதைக் கட்டுவது, வாரச் சந்தைக்குப் போக லாரி வாங்குவது மாதிரி.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்குத் திறக்கும் | முழுக் கட்டுரை | வேகம் | மறைவுச் செலவு |
|---|---|---|---|---|
| ஹினாரி | இந்தியாவில் இல்லை | உண்டு | வேகம் | நினைத்தால் நிறுத்தலாம் |
| ஒரே நாடு ஒரே சந்தா | அரசுக் கல்லூரி ஆட்கள் | உண்டு | லாகின் இருந்தால் வேகம் | படிப்பு முடிந்தால் போச்சு |
| திறந்த இதழ்கள் | எல்லோருக்கும் | உண்டு | பழகினால் பத்து நிமிடம் | போலி இதழ்கள் |
| காக்ரேன், வழிகாட்டிகள் | எல்லோருக்கும், காக்ரேனில் புதியவை தவிர | தேவையில்லை | மிக வேகம் | நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும் |
| ஆசிரியருக்கு மின்னஞ்சல் | எல்லோருக்கும் | பெரும்பாலும் | நாள்கணக்கு | பதில் வராமலும் போகலாம் |
| சொந்த சந்தா | பணம் கட்டுபவருக்கு | அவர்கள் தொகுத்தது மட்டும் | மிக வேகம் | டாலர், தானியங்கிப் புதுப்பிப்பு |

## மூவரும் என்ன செய்தார்கள்

அஞ்செட்டி டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டையில் உட்கார்ந்து வழிகாட்டிகளை எல்லாம் இறக்கினார். இந்தியப் பாம்புக்கடி வழிகாட்டியில் இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனையும் விஷமுறிவு மருந்தின் அளவும் இருக்கும் பக்கங்களை அச்செடுத்து அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கரண்ட் போனால்? டார்ச் இருக்கிறது என்றார்.

பென்னாகரத்து சிஸ்டர் திறந்த இதழ்களில் இருந்தே வேண்டியதை முக்கால்வாசி எடுத்துவிட்டார். மீதி ஆறு கட்டுரைக்கு மின்னஞ்சல் போட்டார். நான்கு வந்தது. அதில் ஒருவர் கேட்காமலே, பல் காவி எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் டீன் குறியீட்டில் பதிவு செய்யத் தான் பயன்படுத்திய படிவத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கட்டுரையைவிட அதுதான் அவருக்குப் பயன்பட்டது.

ஓசூர் தம்பியை ஒரு மாதம் ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன்: எத்தனை தடவை சந்தேகம் வந்தது, எத்தனைக்கு இலவச வழியிலேயே விடை கிடைத்தது. பாதி மாதம் வரை ஒழுங்காகக் குறித்தான். அப்புறம் டெங்கு சீசன் வந்தது, நோட்டைக் காணோம். சந்தா இன்னும் கட்டவில்லை. கட்டினால் பாஸ்வேர்டை எனக்கும் தருவதாகச் சொல்கிறான். ஒரு ஆள் லாகினை இரண்டு பேர் பயன்படுத்துவது விதிப்படி தப்புடா என்று சொல்லியிருக்கிறேன்.